தீவில் கோடை, கூடவே ஒரு அவுட்டோர் கிளப்: பல வருட அனுபவம்

கடலோரத் தீவில் கோடையைக் கழிப்பவர்களுக்கு, அங்குள்ள அவுட்டோர் கிளப்பில் சேரலாமா வேண்டாமா என்ற கேள்வி எப்படியும் வரும். நான் சேர்ந்து பல கோடைகள் ஆகிவிட்டன. கரையோர நடை, கயாக் எனும் சிறு துடுப்புப் படகு, பாறைக் குட்டைகள், பறவை பார்ப்பது, இரவுத் துடுப்பு என்று அவர்கள் நடத்தும் எல்லாவற்றிலும் போயிருக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் எத்தனை இடங்களுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த நாளில் போக மறுக்கிறார்கள், எந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள் என்று விசாரியுங்கள். தீவில் ஒரு கிளப்பின் தரம் அங்கேதான் தெரியும்.

கிளப்பின் மாத அட்டவணை புதிதாகப் பார்ப்பவருக்குத் தாறுமாறாகத் தெரியும். ஒரு ஞாயிறு காலை 6 மணிக்குக் கரையோர நடை என்றால், அடுத்த ஞாயிறு அது நண்பகலை ஒட்டிப் போய்விடும். காரணம் கடல் ஏறி வற்றுவதுதான். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இருக்கும். அதனால் கடல் வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், நடுவில் வரும் அரைநிலா நாட்களில் சுருங்கிவிடும். கடல் நன்றாக வற்றினால் மட்டுமே போகக்கூடிய இடங்கள் எங்கள் பட்டியலில் சில உண்டு. அவை பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் ஏறக்குறைய அதே மணிக்கு. வார இறுதி, விடுமுறை நாள் என்று நம் வசதிப்படி அவற்றை வைக்க முடியாது. கடலின் நேரத்தைப் பார்த்து அட்டவணை போடும் கிளப் என்றால் நம்பலாம். எல்லா ஞாயிறும் காலை 7 மணி என்று அச்சடித்து வைத்திருந்தால் நான் யோசிப்பேன்.

எனக்கு மிகப் பிடித்தது மணல்திட்டு வழியாகப் பக்கத்துக் குட்டித்தீவுக்கு நடப்பது. கடல் வற்றும்போது மட்டும் அந்தத் திட்டு வெளியே தெரியும். வற்றிக்கொண்டிருக்கும் தண்ணீரின் பின்னாலேயே நடந்து, முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே போய்ச் சேர்வதுபோல் கிளம்புவார்கள். கிளம்பும் முன் திரும்பும் நேரத்தைச் சொல்லி, எல்லோரையும் போனில் அலாரம் வைக்கச் சொல்வார்கள். அந்த நேரம் எதற்காகவும் மாறாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை எங்களை வழிநடத்துபவர் ஒருவர் மணலில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். நான் கிளப்பில் கற்றுக்கொண்டதில் மிகப் பயனுள்ளது இதுதான். முழு வற்றத்திலிருந்து முழு ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஏற்றம் 3.6 மீட்டர் இருக்கும் இடத்தில் முதல் மணி நேரத்தில் 30 செ.மீ. மட்டுமே ஏறும். 'பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கலாம்' என்று தோன்றும். அடுத்த மணி நேரத்தில் 60 செ.மீ. வரும். அதற்கடுத்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1.8 மீட்டர், அதாவது ஒரு ஆள் உயரம். திட்டின் தாழ்வான பகுதி பல இடங்களில் நமக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் என்பதால், நாம் நிற்கும் மேடு காய்ந்திருக்கும்போதே திரும்பும் வழி மூடியிருக்கும். இது ஒரு தோராயக் கணக்குதான். குறுகிய வாய்க்கால்களிலும், ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம் வரும் கடல்களிலும் இது பொருந்தாது. அந்தந்தக் கரையில் கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஒருமுறை குட்டித்தீவு பத்து நிமிட நடையில் தெரிந்துகொண்டிருக்கும்போது திரும்பினோம். கூட வந்த பெரியவர் ஒருவருக்குக் கால் வலி, நடை மெதுவாகிவிட்டது. அவரை இருவரோடு அனுப்பிவிட்டு மற்றவர்கள் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். குழு பிரியாது என்று வழிநடத்துபவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். தாழ்வான பகுதியைக் கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. இன்னொரு அரை மணி தாமதித்திருந்தால் அந்தப் பெரியவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கு விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கிளப்பின் மேல் எனக்கு முழு நம்பிக்கை.

கயாக் விஷயத்தில் தீர்மானிப்பது காற்று. கோடை வெயிலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேல் உள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. காலை பத்து, பதினொன்றுக்குத் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போய், மாலையில் தணியும். அதனால் விடிந்ததும் இறங்கி, காற்று எழும்பும் முன் கரை சேர்ந்துவிடுவதே எங்கள் வழக்கம். இதைவிட ஆபத்தானது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், புதியவர்களுக்கு அது நல்ல நாளாகத் தெரியும். கொஞ்சம் வெளியே போனதும் காற்று தள்ள ஆரம்பிக்கும், பிறகு திரும்புவதற்கு அதை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் புதியவர்களுக்கான பயணத்தை எங்கள் கிளப் ரத்து செய்துவிடும்.

1805-இல் பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த காற்று அளவுகோலைத்தான் கிளப்பில் இன்றும் பேச்சில் பயன்படுத்துகிறோம். அளவு 3 என்றால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; அலைகளின் தலை அங்கங்கே வெள்ளையாக உடையும். 4 என்றால் 20 முதல் 28 கி.மீ.; அந்த வெள்ளைத் தலைகள் பரவலாகத் தெரியும். புதியவர்கள் 3-க்கு மேல் இறங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கருவி எதுவும் இல்லாமல் கடலைப் பார்த்தே அளவு சொல்லும் பழக்கம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொஞ்ச காலத்தில் வந்துவிடுகிறது. இதை நான் பெரிய வரமாக நினைக்கிறேன். தனியாகக் கரையில் நடக்கும்போதுகூடக் கண் தானாக அலையின் தலையைத் தேடுகிறது.

ரத்து அறிவிப்பு முந்தின இரவு வரும். சந்தேகமான நாளென்றால் விடியற்காலையில் இறுதி முடிவைச் சொல்வார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் காரணம் இருக்கும்: காற்று எந்தத் திசை, எவ்வளவு, எப்போது மாறும் என்று. வெறுமனே 'இன்று இல்லை' என்று முடிக்காமல் காரணத்தோடு சொல்வதால்தான், ரத்தான நாட்களிலிருந்தும் எதையாவது கற்றுக்கொள்ள முடிகிறது. இடி கேட்டால் தண்ணீரிலிருந்து உடனே கரைக்கு. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் மறுபடி இறங்குவதில்லை.

அப்புறம் பறவைகள். கோடையின் முதல் பாதியில் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் திறந்த மணலில், ஒரு சின்னக் குழியில் முட்டையிடும். கூடு என்று சொல்ல எதுவும் இருக்காது. முட்டை மணல் நிறம், மேலே புள்ளிகள். காலடியில் இருந்தாலும் தெரியாது. நாம் பக்கத்தில் போனால் தாய்ப் பறவை எழுந்துவிடும், நிழல் போன முட்டை வெயிலில் வெந்துவிடும். உப்புக்கொத்தி ஒன்று இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடினால், அது நம்மைக் கூட்டிலிருந்து திசை திருப்புகிறது. பின்தொடராமல், வந்த வழியிலேயே திரும்பிவிட வேண்டும். எங்கள் கிளப் அந்தப் பருவத்தில் ஒரு முனையை முழுக்க விட்டுவிடுகிறது. தீவின் மிக அழகான மணல் அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும் யாரும் முணுமுணுப்பதில்லை, நாய்களையும் அந்தப் பக்கம் விடுவதில்லை. தொலைநோக்கியில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம், அதுவே நிறைவாக இருக்கிறது.

பாறைக் குட்டைகளுக்குக் குழந்தைகளோடு போவது நல்ல அனுபவம். ஒரே விதி, கல்லைப் புரட்டினால் இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைக்க வேண்டும். அடியில் இருப்பவை நிழலிலும் ஈரத்திலும் வாழ்பவை, வெயிலில் விட்டால் செத்துப்போகும். ஆழமில்லாத மணல் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்வார்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். கரையில் காய்ந்து கிடக்கும் ஜெல்லி மீனையும் தொடக் கூடாது, செத்த பிறகும் கொட்டும்.

இரவுத் துடுப்பைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். கோடையில் சில கடல்களில் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகும். தண்ணீர் கலங்கும்போது அவை நீல நிறத்தில் ஒளிரும். துடுப்பு விழும் ஒவ்வொரு இடத்திலும் ஒளி சுழன்று மறையும், கையை விட்டால் விரல்களைச் சுற்றி மினுங்கும், அடியில் மீன் ஓடினால் அதன் பாதை கோடாகத் தெரியும். நிலா இல்லாத இரவில்தான் இது நன்றாகத் தெரியும். ஆனால் அமாவாசை என்றால் ஏற்றவற்றமும் பெரிது, நீரோட்டமும் வலுவாக இருக்கும். அதனால் ஏற்றம் முடிந்து நீர் நின்றிருக்கும் கொஞ்ச நேரத்தில், மூடிய குடாவுக்குள் மட்டும் போவோம். ஒவ்வொரு படகிலும் விளக்கு, ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். சிறிது நேரத்துக்கு ஒருமுறை முன்னாலிருந்து வரிசையாக எண் சொல்லிக்கொண்டே வருவோம். தனியாக இதை நான் ஒருநாளும் செய்ய மாட்டேன். கிளப் இல்லாவிட்டால் இந்த அனுபவமே எனக்குக் கிடைத்திருக்காது.

தண்ணீர் அவரவர் கொண்டுவர வேண்டும் என்ற விதி புதியவர்களுக்குக் கடுமையாகப் படலாம். மணற்பாங்கான சிறிய தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அதிகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும். கோடையில் வெளியாட்கள் கூடும்போது அந்த அடுக்குக்குத்தான் பாரம். வெயிலில் நடக்கும்போது ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மணலும் அலை நுரையும் பிரதிபலிப்பதால் தொப்பி மட்டும் போதாது, முழுக்கைச் சட்டை நல்லது.

பொருட்களில் நீண்ட நாள் உழைத்தவை சில. தாடைப் பட்டி உள்ள அகலத் தொப்பி, விரலை மூடும் செருப்பு, வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத ட்ரை பேக். ஜிப் வைத்த பைகள் உப்பில் இறுகிவிடுகின்றன. எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் ஆயுள் கூடும். லைஃப் ஜாக்கெட் மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். கிளப் தருவது பல உடம்புகளுக்குப் பொதுவானது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை எழும்பும் ஜாக்கெட் தண்ணீரில் பிரயோஜனப்படாது.

குறைகளும் உண்டு. உச்சக் கோடையில் குழு பெரிதாகிவிடுகிறது, வழிநடத்துபவர்கள் எண்ணிக்கை அதற்கேற்றபடி கூடுவதில்லை. அந்த வாரங்களில் முன்னே போகும் வேகக்காரர்களுக்கும் கடைசியில் வருபவர்களுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. பெயர் பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடம் நிரம்பிவிடுகிறது, பதிந்துவிட்டு வராமல் இருப்பவர்கள் மேல் நடவடிக்கை இல்லை. அதனால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அநியாயம் நடக்கிறது. கடைசிப் படகைப் பிடிக்க வேண்டியவர்களுக்காகத் திட்டத்தில் நேரம் ஒதுக்கும்படி நான் பலமுறை கேட்டிருக்கிறேன், இன்னும் சரியாக நடக்கவில்லை. இவை சரிசெய்யக்கூடியவை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. கோடையின் தொடக்கத்தில் அவசரப்பட வேண்டாம். மிதமான தட்பவெப்பம் உள்ள இடங்களில் கடல் நிலத்தைவிட மெதுவாகச் சூடாவதால், வெயில் கொளுத்தும் நாளிலும் ஆரம்ப வாரங்களில் தண்ணீர் குளிராக இருக்கும். கயாக் கவிழ்ந்தால் 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர் மூச்சைத் திணறடித்துவிடும். கோடையின் கடைசி வாரங்களில் கடல் இதமாகிவிடும், ஆலாக் குஞ்சுகள் பறந்துபோயிருக்கும் என்பதால் மூடியிருந்த முனையும் திறக்கும், பதிவிலும் இடம் கிடைக்கும். வழிநடத்துபவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். அப்போது ஒரு எளிய கரையோர நடையில் போய், போன மாதம் எதை, எதனால் ரத்து செய்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.