சைடு கேமரா செட்: பொருள் நல்லது, மாட்டும் இடத்தில் கவனம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டு ஆக்சஸரி கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 720பி ஏஎச்டி (அனலாக் ஹெச்டி வீடியோ) சைடு கேமரா செட் மோட்டார்ஹோமுக்கு, அதாவது வீடு போல அமைத்த வண்டிக்கு, தாராளமாகப் போதும். சிக்கல் ஃபிட்டிங்கில்தான். கடைக்காரர் போக்கில் விட்டால் கூரை ஓரத்தில் மாட்டிவிடுவார். அங்கே சுருட்டி வைத்த ஆனிங் (வண்டிப் பக்கத்தில் விரிக்கும் நிழல் துணி) பாதிப் படத்தை மறைக்கும். சக்கரத்தை ஒட்டி வரும் ஸ்கூட்டர் தெரியாது. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அதுதானே தெரிய வேண்டும்!

முன்கதவுக்கு அருகே, நெஞ்சு உயரத்தில், பின்னோக்கி வைக்கச் சொல்லுங்கள். துளை போடுவதற்கு முன் டேப்பால் ஒட்டி, திரையைப் பாருங்கள்: வண்டியின் பக்கச்சுவர் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கீழ் மூலையில் பின்சக்கரம் எனத் தெரிய வேண்டும். இடப்பக்கம் என்றால் வாசல் கதவை முழுக்கத் திறந்து, கேமராவில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மிரர் செட்டிங் ஆன் செய்யாவிட்டால் இடம் வலமாகத் தெரியும்.

கேமரா ஒயர் நுனியிலுள்ள நாலு பின் கனெக்டர் நுழையப் பெரிய துளை வேண்டும். ரப்பர் குரோமெட் (துளை ஓரத்தில் ஒயர் உரசாமல் காக்கும் வளையம்), பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டுப்பட்டை) இரண்டும் கேட்டு வாங்குங்கள். வெறும் சிலிகான் நாளடைவில் பிடிப்பு விட்டால், மழைத்தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்கும். இண்டிகேட்டர் போட்டதும் படம் வரட்டும் என்று இண்டிகேட்டர் ஒயரில் நேராகக் கொடுத்தால் திரையும் சேர்ந்து கண்சிமிட்டலாம். அப்படியானால், சிமிட்டும் இடைவெளியிலும் இணைப்பை விடாமல் வைத்திருக்கும் டிலே ரிலே வேண்டும்; அது பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.