இருக்கையாக விரியும் கைத்தடி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் முடக்குவாதத்துடன் எட்டு ஆண்டுகளாக வாழும் எனக்கு, மூட்டு வலியைவிடப் பிறருக்கு விளங்கவைக்கக் கடினமாக இருப்பது சோர்வுதான். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே தாக்குவதால் எழும் அழற்சி உடல் முழுவதையும் தளர்த்திவிடுகிறது. தூங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை. இருக்கும் தெம்பை எதற்குச் செலவிடுவது என்று காலையிலேயே கணக்கிட வேண்டியிருக்கிறது. நிற்பதில் வீணாகும் தெம்பை மிச்சப்படுத்தவே, விரித்தால் மூன்று கால் இருக்கையாகும் இந்த அலுமினியக் கைத்தடியை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன்.

ரேஷன் கடை வரிசையிலும் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும்போதும் இது பேருதவி. கைப்பிடி முன்னால் இருக்க, அதைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி அமர வேண்டும். பின்னால் சாய்ந்தால் கவிழும். சுடிதாரில் சிரமமில்லை, சேலையில் சிரமம்தான். ஈரமான தரையில் அடி ரப்பர்கள் வழுக்குகின்றன. இருக்கை சற்றுத் தாழ்வாக இருப்பதால் முழங்கால் மோசமாக உள்ளவர்களுக்கு எழுவது கடினம்.

நான் எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. என் நோய் வெளியே தெரியாது. முன்பொரு திருமணத்தில் அத்தை பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது மறுக்க மனமின்றி ஒப்புக்கொண்டு, பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். சென்ற தை மாதம் அவரே மீண்டும் கேட்டபோது, "வாசலில் உட்கார்ந்து சந்தனமும் கற்கண்டும் கொடுக்கிறேன் அத்தை, பந்திக்கு வேறு யாரையாவது நிறுத்துங்கள்" என்றேன். அவர் தடியைப் பார்த்தார். மறுபேச்சின்றித் தாம்பாளத்தை என்னிடம் கொடுத்தார். அன்று முழுவதும் உறவினர்களோடு மகிழ்ச்சியாகப் பேச என்னிடம் தெம்பு மிஞ்சியிருந்தது.

ஆயினும் தொலைபேசியில் அழைப்பவர்களுக்குத் தடி தெரியாது. இந்நோய்க்காக வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் போட்ட மறுநாள், அதன் அசதியால் எந்த விசேஷத்துக்கும் வர இயலாது என்பதை நானே வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

முடக்குவாதக்காரர்களுக்கு இதில் பெருங்குறை, இருக்கையை விரிக்கும் பூட்டு. விரல் மூட்டுகள் வீங்கிய நாட்களில் அதை அழுத்த என்னால் முடியவில்லை. மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆகவே இணையத்தில் படம் பார்த்து வாங்காதீர்கள். விரல்கள் விறைத்திருக்கும் நாளொன்றில் கடைக்கே சென்று, உங்கள் கையாலேயே விரித்துப் பார்த்து வாங்குங்கள்.