தசை அழுத்தம் அளக்கும் கைக்கருவி: ஒன்பது வருஷம் பயன்படுத்திய பிறகு

எலும்பு முறிவு வார்டில் ஒன்பது வருஷமாக ஸ்ட்ரைக்கர் கம்பெனியின் கைக்கருவியை வைத்திருக்கிறேன். அடிபட்டு வீங்கிய காலில், தசை அறைக்குள் (இறுக்கமான உறைக்குள் தசைகள் இருக்கும் இடம்) அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். சாதாரணமாக 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டியது, மிகவும் ஏறினால் தசை செத்துவிடும்.

பேச முடிகிறவருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. கால் விரலை லேசாக அசைத்தாலே துடித்துப்போவார், அதுவே போதும். நினைவில்லாதவருக்குத்தான் இது வேண்டும்.

போன மழைக்காலத்தில் பைக் விபத்தில் ஒரு இளைஞர் வந்தார். தலையிலும் அடி, வென்டிலேட்டரில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, கால் கல்லாக இறுகிக் கிடந்தது. பாதத்தில் நாடி நன்றாகவே கிடைத்தது. அதை நம்பக் கூடாது. நாடி நிற்கும்வரை காத்திருந்தால் தசை செத்துவிடும். நான்கு அறைகளிலும் அளந்தோம். முன் அறையில் 44. ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 66. வித்தியாசம் 22தான். அது 30-க்குக் கீழே இறங்கினால் அறையைத் திறந்துவிட வேண்டும் என்பது 1996-இல் எடின்பரோவில் எலும்பு மருத்துவர்கள் மக்குவீனும் கோர்ட்-பிரவுனும் வெளியிட்ட கணக்கு. உடனே ஃபேஸியாட்டமி, அதாவது தசை உறையைக் கீறித் திறக்கும் ஆபரேஷன், செய்தோம். பாதத்தை மேலே தூக்குவது முன் அறைத் தசைதான். இன்று அவர் தூக்குகிறார்.

கருவி எளிதுதான், ஆனால் பொறுமை வேண்டும். 3 மி.லி. உப்புநீர் சிரிஞ்சைப் பொருத்தி, காற்றுக்குமிழி முழுக்க வெளியேற்ற வேண்டும். ஊசியை எந்தச் சாய்வில் குத்தப்போகிறோமோ, அதே சாய்வில் பிடித்து பூஜ்யம் வைக்க வேண்டும். புதிதாக வரும் டாக்டர்கள் தவறுவது இங்கேதான். அப்புறம் 0.3 மி.லி.க்கு மேல் போகாமல் மெதுவாகச் செலுத்தி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். முறிவிலிருந்து 5 செ.மீ.க்குள் குத்துங்கள், தள்ளிப் போனால் அழுத்தம் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

ஊசியின் பக்கவாட்டில் துளை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சாதா ஊசி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், தேவையில்லாமல் காலைக் கிழிக்க நேரிடும்.

குறை என்றால், ஒரு தடவை அளந்தால் அந்த நேரத்து எண் மட்டும்தான். வீக்கம் கூடிக்கொண்டே போகும் காலை மறுபடி மறுபடி குத்த வேண்டியிருக்கிறது. ஊசி செட்டும் ஒரு நோயாளிக்கு ஒன்று. ஒருமுறை எங்களிடம் தீர்ந்துபோக, விநியோகஸ்தர் மூன்று வாரம் இழுத்தடித்தார். அந்த நாட்களில் ஐ.சி.யூ. சிஸ்டர் ஆர்ட்டீரியல் லைன் டிரான்ஸ்டியூசரை (தமனியில் ரத்த அழுத்தம் அளக்கும் உணரி) மானிட்டரில் மாட்டிக் கொடுத்தார், அதிலேயே அளந்தோம். சின்ன மருத்துவமனைக்கு அந்த வழியே போதும். கருவியே வாங்குவதென்றால், குறைந்தது பத்து ஊசி செட் சேர்த்து வாங்கிவையுங்கள்.