உண்ணிக் கடியால்தான் ஆட்டிசம் என்று சொல்லி எங்கள் பையனுக்கு ஏழு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் – பெற்றோர்கள் தயவுசெய்து படிக்கவும்

உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா? அதற்குக் காரணம் லைம் நோய், எப்போதோ உண்ணி கடித்ததில் வந்தது, ஆறு மாதம் மருந்து கொடுத்தால் பிள்ளை பேச ஆரம்பித்துவிடும் என்று யாராவது சொல்கிறார்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். நாங்கள் கட்டிவிட்டோம். பணம் போனதைவிட, பையனுடைய ஏழு மாதம் போனதுதான் இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

கோத்தகிரி பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலை, ஒரு மாடு. பச்சை இலை விலையை நம்பிக் குடும்பம் நடத்துவது எப்படி என்று நீலகிரியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். வாரம் இரண்டு நாள் குன்னூருக்கு ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப் போனேன். எட்டு மாதத்தில், தாகம் எடுத்தால் தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து வந்து என் கையில் வைக்கப் பழகியிருந்தான். பேச்சு வரவில்லை, ஆனால் அந்த அட்டையைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அதற்கு முன்னால் அவன் முகம் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் என் கணவரின் சித்தி மகன் இந்த கிளினிக்கைப் பற்றிச் சொன்னார். கீழே ஒரு ஊரில் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் அந்த டாக்டர் எங்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். இத்தனை வருஷத்தில் யாரும் எங்களிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார், நான் அழுதபோது தண்ணீர் கொடுத்தார். நாங்கள் விழுந்தது அங்கேதான்.

"பையனை எப்பவாவது உண்ணி கடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார். கடித்திருக்கிறது. இரண்டரை வயதில் காதுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது, அத்தைதான் எண்ணெய் வைத்துப் பிடுங்கினார். அதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. மாடு கட்டியிருக்கிற வீட்டில், தேயிலைக் காட்டை ஒட்டி வளர்கிற பிள்ளையை உண்ணி கடிக்காமல் இருக்குமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கேள்விக்கு மலையில் இருக்கும் எந்த அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்வாள்.

அப்புறம் ஒரு கதை சொன்னார். 1975இல் அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையக் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது, டாக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மாக்கள்தான் விடாமல் துரத்தினார்கள், அதனால்தான் இந்த நோயே வெளியே வந்தது என்றார். அது உண்மைதான், பிறகு நானே தேடிப் படித்தேன். அம்மாக்கள் சுகாதாரத் துறைக்குச் சொன்னார்கள், அப்புறம் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணிக்குள் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார், 1982இல் அது வெளியானது, கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இவ்வளவும் நிஜம். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வந்தது மூட்டு வீக்கம், ஆட்டிசம் இல்லை. உண்மையான கதையைச் சொல்லிவிட்டு அதன் வாலில் பொய்யை முடிந்து வைத்தால், கேட்கிற அம்மாவுக்கு முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. வெஸ்டர்ன் பிளாட் என்று ஒரு பரிசோதனை, அதில் வரிசையாக எண்கள், 41 என்ற எண்ணுக்கு நேராக மட்டும் ஒரு பிளஸ் குறி. அந்த ஒரு வரியை மஞ்சள் மார்க்கரால் பூசி எங்களிடம் நீட்டினார். "பாருங்க, மாட்டிக்கிச்சு" என்றார். நாங்கள் மஞ்சளைப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை ஏழு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். நெகட்டிவ் என்று அந்த லேபே எழுதியிருந்தது.

41 என்பது என்ன என்று இப்போது தெரியும். ரிப்போர்ட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் வெஸ்டர்ன் பிளாட்டில் தெரியும் ஒரு கோடு. கிருமியின் வால் போன்ற பகுதியில் இருக்கும் புரதம் அது. வேறு எத்தனையோ சாதாரண கிருமிகளுக்கும் அதே மாதிரிப் புரதம் இருப்பதால், லைமே வராத நல்ல ஆரோக்கியமான ஆட்களுக்கும் அந்தக் கோடு தெரியும். முதலில் எலைசா பரிசோதனை, அது பாசிட்டிவாகவோ சந்தேகமாகவோ இருந்தால்தான் அடுத்த கட்டமாக வெஸ்டர்ன் பிளாட், அதிலும் பத்து கோடுகளில் குறைந்தது ஐந்தாவது தெரிந்தால்தான் பழைய தொற்று என்று கணக்கு, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் விதி இதுதான். எங்கள் பையனுக்கு ஒன்று.

ஆறு மாத பேக்கேஜ், 1,80,000 ரூபாய், முன்பணமாகவே கட்ட வேண்டும். என் ஆரமும் வளையலும் போனது. கொடுத்தது ரோஸ் கலரில் ஒரு துண்டுச் சீட்டு, "ஆலோசனை" என்று மட்டும் எழுதியிருந்தது. அமாக்சிசிலின், அசித்ரோமைசின் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கூடவே லேபிள் சரியாக ஒட்டாத டப்பாக்களில் பொடி. இதோடு இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஸ்பீச் தெரபியை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள், கிருமி மூளையில் இருக்கும்போது சொல்லிக் கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி என்றார். நான் நிறுத்தினேன்.

இரண்டாவது வாரமே வயிற்றுப்போக்கு. தூக்கம் கெட்டது, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். போன் செய்தால், கிருமி சாகிறது, அப்படித்தான் இருக்கும், ஹெர்க்ஸ் என்று இதற்குப் பெயர், நல்ல அறிகுறிம்மா என்றார்கள். ஒரு நாள் கொஞ்சம் அமைதியாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. மறுபடி மோசமானால் கிருமி சாகிறது. அப்படி ஒரு எதிர்வினை மருத்துவத்தில் நிஜமாகவே உண்டு, ஆனால் அது மருந்து ஆரம்பித்த முதல் நாளில் காய்ச்சல் நடுக்கமாக வந்து, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நீளாது. மூன்றாம் மாதம் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை 41கூட இல்லை. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், கிருமி ஒளிந்துகொண்டுவிட்டது, அதனால்தான் தெரியவில்லை, இனி டிரிப்ஸில் ஏற்றினால்தான் போகும் என்றார். கோடு தெரிந்தாலும் லைம், தெரியாவிட்டாலும் லைம். பிள்ளை மோசமானாலும் மருந்து, நன்றாக இருந்தாலும் மருந்து. எந்த ரிசல்ட் வந்தால் லைம் இல்லை என்று ஒத்துக்கொள்வீர்கள் சார் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்தை ஆறு வாரம் தினமும் டிரிப்ஸில் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஊரில் ஒரு நர்ஸைப் பிடித்து வீட்டிலேயே போட்டோம், மூன்று நாளுக்கு ஒரு தடவை ஊசி இடம் மாற்ற வேண்டும், நானும் அத்தையும் பிடித்துக்கொள்வோம். இன்றைக்கும் வெள்ளைக் கோட்டு போட்டவர் யாரைப் பார்த்தாலும் அவன் இடது கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொள்வான்.

ஐந்தாவது வாரம் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சுருண்டு படுக்க ஆரம்பித்தான். எங்கே வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியாது. பச்சையாக வாந்தி. கிளினிக்கில் இதற்கும் ஹெர்க்ஸ் என்றார்கள். என் கணவர் கேட்காமல் வண்டி பிடித்து ஊட்டி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸ்கேனில் பித்தப்பை முழுக்கக் கசடு. அங்கே இருந்த குழந்தைகள் நல டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, "இந்த ஊசி எதுக்கும்மா போட்டாங்க?" என்று கேட்டார். நான் லைம் என்றேன். திரும்பவும் புரட்டினார். இரண்டாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்து, "இதை யாரும் உங்களுக்குப் படிச்சுக் காட்டலையா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த மருந்து நாள்பட ஏறினால் பித்தப்பையில் இப்படிப் படியுமாம், குழந்தைகளுக்கு அடிக்கடி நடப்பதுதானாம், நிறுத்தினால் பெரும்பாலும் கரைந்துவிடும் என்றார். இரண்டு மாதத்தில் கரைந்துவிட்டது, கடவுள் புண்ணியம். நெஞ்சுப் பக்கம் பெரிய ரத்தக்குழாயில் நிரந்தரமாகக் குழாய் வைத்து மாதக்கணக்கில் ஏற்றுகிற இடங்களும் உண்டு, அந்தக் குழாயில் தொற்று ஏறி உயிரே போயிருக்கிறது என்றும் சொன்னார்.

அதற்கப்புறம் என் கொழுந்தனார் மகள், நர்சிங் படிக்கிறாள், அவளை உட்கார வைத்து ராத்திரி ராத்திரியாகப் படித்தோம். ஆட்டிசத்துக்கும் லைமுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2008இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது, கிளினிக்கில் அதைத்தான் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அது ஒரு ஊகம். அதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 70 குழந்தைகள், இல்லாத 50 குழந்தைகள் ரத்தத்தை அந்த இரண்டு கட்ட முறையில் பரிசோதித்தார்கள். ஒருவருக்குக்கூட லைம் இல்லை. 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில், வளர்ச்சி, நடத்தைப் பிரச்சினையோடு வரும் குழந்தைகளுக்கு வழக்கமாக லைம் பரிசோதனை செய்யவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் முன்னேற்றம் தெரிந்தது என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றையும் காட்டினார்கள். அப்படி ஒன்று இருக்கிறது. 11 குழந்தைகளுக்கு, குடல் கிருமியை நினைத்து வேறொரு மருந்து கொடுத்தார்கள், கொஞ்ச நாள் மாற்றம் தெரிந்தது, பிறகு போய்விட்டது. லைமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லைம் வந்து குணமான பிறகும் உடம்பு சரியில்லாமல் இருந்த பெரியவர்களுக்கு 90 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வந்தது, மருந்தே இல்லாத போலி மருந்து எடுத்துக்கொண்டவர்களைவிட அவர்களுக்கு ஒன்றும் கூடுதலாக நடக்கவில்லை. நிஜமான லைமுக்கே தோலில் வட்டத் தடிப்பு வந்தால் இரண்டு வாரம் வாய்வழி மருந்து, நரம்பைத் தாக்கினால்கூட இரண்டு மூன்று வாரம், அவ்வளவுதான்.

இன்னொன்று, மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் லைமைப் பரப்புகிற இனம் இல்லை. அதைப் பரப்புவது வேறு வகை உண்ணி, அதுவும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டி ரத்தம் குடித்தால்தான் பெரும்பாலும் கிருமி இறங்கும். நம் பக்கம் "உண்ணிக் காய்ச்சல்" என்று சொல்வது ஸ்க்ரப் டைபஸ், அது லைம் இல்லை, வேறு நோய். இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் பதிவைப் படித்துவிட்டு யாரும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. பிள்ளைக்கு விடாத காய்ச்சல், அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ சில நாள் கொடுப்பார்கள், தாமதித்தால் ஆபத்து.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பாதியில் நிறுத்தியது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி, அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன். வந்தது. ரிப்போர்ட்டில் முதல் பக்கம் மட்டும், மஞ்சள் பூசிய பக்கம். நல்லவேளை, டாக்டரம்மா விரல் வைத்த அன்றைக்கே இரண்டாம் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மருத்துவ கவுன்சிலுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சத்துக்குள் கட்டிய பணத்துக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள், ரோஸ் சீட்டாக இருந்தாலும்.

குன்னூர் தெரபிக்குத் திரும்பவும் போகிறோம். முதல் நாள் தண்ணீர் அட்டையை முன்னால் வைத்தார்கள், அவன் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். ஒன்பது வாரம் ஆனது, திரும்ப அதை என் கையில் வைக்க. முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் கூடலூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகளுக்கு ஐந்து வயது. அதே கிளினிக், அதே கேள்வி, அதே மஞ்சள் கோடு, வியாழக்கிழமை பணம் கட்ட வரச் சொல்லியிருக்கிறார்களாம். என் மனுவின் நகலையும் அந்தப் படத்தையும் அனுப்பினேன். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். ஒரு பக்கம்தான் கொடுத்தார்கள் என்றார், மீதியைக் கேட்டு வாங்கிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.