மரப் பீரங்கி: குழலுக்கு எது, வண்டிக்கு எது?

புளோரிடாவில் கடற்கொள்ளையர் வேஷம் கட்டுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. டாம்பாவில் 1904-ல் ஆரம்பித்த காஸ்பரில்லா விழா இருக்கிறது, செயின்ட் அகஸ்டினில் 1668-ல் ராபர்ட் சியர்ல் என்பவன் ஊருக்குள் புகுந்து சூறையாடியதை இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். தொப்பி, வாள், இடுப்புத் துணி எல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். பீரங்கிதான் பிரச்சினை. 4 பவுண்டர் என்பது கப்பல் பீரங்கிகளில் சின்ன ரகம் (நாலு பவுண்டு என்பது அது எறியும் குண்டின் எடை), அதுவே வார்ப்பிரும்பில் அரை டன்னைத் தாண்டும். அதனால் எல்லோரும் கடைசியில் மரத்துக்கே வருகிறார்கள். வந்த பிறகு எந்த மரம், எந்த முறை என்று அடித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டு செய்து முடித்து, ஒன்றைக் கெடுத்து, மூன்று முறைகளையும் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது காட்சிக்கு வைக்கும் பீரங்கியைப் பற்றி மட்டும்தான். மரக் குழலுக்குள் ஒரு சிட்டிகை வெடிமருந்துகூடப் போடக் கூடாது, உள்ளே இரும்புக் குழாய் சொருகிவிட்டேன் என்று யாராவது சொன்னாலும் பக்கத்தில் நிற்காதீர்கள். புகை வேண்டுமென்றால் மேடை நாடகத்துக்கு வைக்கும் புகை மெஷின், சத்தத்துக்கு பீரங்கி உட்காரும் வண்டிக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர், அது போதும்.

சரி, குழல். என் அளவு 66 அங்குல நீளம், அடிப்பக்கத்தில் விட்டம் 11 அங்குலம், வாய்க்குக் கொஞ்சம் பின்னால் 7 அங்குலம். இதற்கு மூன்று வழி இருக்கிறது: ஒரே முழுக் கட்டையைக் கடைவது, பீப்பாய் மாதிரி பட்டைப் பலகைகளைச் சேர்த்து ஒட்டுவது, பிவிசி பைப்பை நடுவில் வைத்து மேலே கட்டுவது.

முழுக் கட்டைக்கு ஆசைப்படாதவர் கிடையாது. எனக்கும் ஆசை. புயலில் விழுந்த பைன் மரம் ஓசியில் கிடைத்தது, பெரிய கடைசல் மெஷின் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து இரண்டு நாள் கடைந்தோம், வளையங்கள், பின்குமிழ் எல்லாம் கட்டில் கால் கடைந்த மாதிரி வழுவழுவென்று வந்தது, பார்க்கவே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு வாரத்தில் வாயிலிருந்து பாதி நீளத்துக்கு விரிசல். விரல் நுழையும் அகலம். பச்சை மரம் காயும்போது வெளிவட்டம் சுருங்கும் அளவுக்கு நடுத்தண்டு சுருங்காது, எங்கேயாவது பிளந்தே தீரும் என்பது தச்சு வேலை தெரிந்தவர்களுக்குப் பாலபாடம், எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை. நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தாலும் பைனில் 30 கிலோவுக்கு மேல் வரும், ஓக் என்றால் இரண்டு பேர் தூக்கினாலும் இடுப்பு பிடிக்கும். அதைக் கடைவதற்கான மெஷினும் எல்லோர் வீட்டிலும் இருக்காது.

பட்டைப் பலகை முறை நேர்த்தியானது, ஆனால் கணக்கு கறாராக இருக்க வேண்டும். 12 பட்டை வைத்தால் ஒவ்வொன்றின் இரு விளிம்பையும் 15 டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும். ஒவ்வொரு விளிம்பிலும் அரை டிகிரி பிசகினாலே 24 விளிம்புக்குச் சேர்ந்து 12 டிகிரி, கடைசிப் பட்டை உள்ளே போகவே போகாது அல்லது தொளதொளவென்று நிற்கும். குழல் சரிந்து போவதால் பட்டைகளும் அடியில் 3 அங்குலம், வாய்ப்பக்கம் 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்று சரிய வேண்டும். ஒட்டும் விதம்தான் அழகு. எல்லாப் பட்டைகளையும் மேஜையில் வரிசையாக, வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, குறுக்கே டேப் ஒட்டி, பாயைத் திருப்புவது போல அப்படியே திருப்பிப் போட வேண்டும். இப்போது விளிம்புகள் V மாதிரி விரிந்து நிற்கும். பசையை அதில் ஓட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டினால் குழல் எழுந்து நிற்கும். லாரியில் சரக்குக் கட்டும் பட்டை நாலைந்து போட்டு இறுக்கிவிட வேண்டியதுதான். ஒரு ராத்திரி போனதும் இழைப்புளி, அப்புறம் உப்புத்தாள். எடை சுமார் 20 கிலோவில் நிற்கும், விரிசல் பயமும் இல்லை.

பிவிசி முறையை நிறையப் பேர் கேவலமாகப் பார்க்கிறார்கள். ஆனால் பாருங்கள், 4 பவுண்டரின் துளை சுமார் 3.2 அங்குலம், கடையில் கிடைக்கும் கனமான 3 அங்குல பைப்பின் உள்விட்டம் 3 அங்குலத்துக்குச் சற்று மேல். எதிரே நின்று வாய்க்குள் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது (உள்ளேயும் கறுப்பு அடிக்க வேண்டும், வெள்ளையாக விட்டால் மானம் போகும்). பைப்பின் மேல் பிளைவுட் வட்டங்களைக் கோத்து, அவற்றின் மேல் மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டி, பட்டி பூசித் தேய்த்தால் 12 கிலோவுக்குள் முடியும். வளையங்களுக்கு நான் பசையில் ஊறவைத்த கயிற்றையே சுற்றினேன். தெர்மாகோலில் செதுக்கி ஃபைபர்கிளாஸ் போடுபவர்களும் உண்டு, அது மரவேலை இல்லை, விட்டுவிடுகிறேன்.

பிவிசிக்காரர்கள் கவனிக்காத ஒன்று சமநிலை. நிஜ பீரங்கியில், குழலின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு அதை வண்டியில் தாங்கும் முளைகளுக்குப் பின்னால் எடை கொஞ்சம் கூடுதல், அதனால்தான் அடிப்பக்கம் தானாகவே அதன் கீழே செருகிய ஆப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். பைப் பீரங்கிக்கு அந்தக் கனம் இல்லை, வாயைத் தொட்டாலே தலையாட்டும் பொம்மை மாதிரி குனியும். அடிப்பக்கத்தில் நாலு கிலோ மணலைப் பையில் கட்டி அடைத்த பிறகுதான் என்னுடையது ஒழுங்காக உட்கார்ந்தது.

இந்த மூன்றில் எனக்கு பிவிசிதான். பட்டைப் பலகைதான் உயர்ந்த வேலை என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் யோசித்துப் பாருங்கள், குழல் என்பது மரம் இரும்பாக நடிக்கும் இடம். மேலே பட்டி, ப்ரைமர், மங்கலான கறுப்பு, அதன் மேல் பென்சில் கரி என்று தேய்த்த பிறகு உள்ளே என்ன மரம், எப்படிச் சேர்த்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வண்டியில்தான் மரம் மரமாகவே வெளியே தெரிகிறது. கிட்டே வருபவர்கள் சாய்வதும், தட்டிப் பார்ப்பதும், குழந்தையை ஏற்றி உட்காரவைப்பதும் அங்கேதான். காசையும் பொறுமையையும் அங்கே போட வேண்டும், ஆனால் நான் பார்த்த பல குழுக்கள் குழலுக்கு மூன்று மாதம் உழைத்துவிட்டு வண்டியை ஒரு வார இறுதியில் அடித்து முடித்திருந்தார்கள்.

இரண்டு பெரிய ஆரக்கால் சக்கரம் வைத்த வண்டியைப் பற்றி ஒரே வரி: அது தரைப்படைக்கானது, கப்பல் தளத்தில் அதற்கு வேலை இல்லை. கப்பல் வண்டி குட்டையானது, நாலு சின்னக் கட்டைச் சக்கரம், இரண்டு பக்கப் பலகை, அவற்றின் பின்பாதி படிக்கட்டு மாதிரி இறங்கும். அந்தப் படிகள் அலங்காரம் இல்லை. நெம்புகோலைப் படியின் மேல் ஊன்றித்தான் குழலின் அடியைத் தூக்குவார்கள். முன் சக்கரத்தைவிடப் பின் சக்கரம் கொஞ்சம் சின்னது, தளம் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதற்கு அது ஈடு. நாலையும் ஒரே அளவில் வெட்டினால் தெரிந்தவர்கள் வாய்விட்டே சொல்லிவிடுவார்கள்.

பக்கப் பலகையின் தடிமன் பழைய ஆங்கிலக் கணக்கில் பீரங்கித் துளையின் விட்டத்துக்குச் சமம், அதாவது நமக்கு 3 அங்குலத்துக்கு மேல். அந்தக் காலத்தில் எல்ம் மரம்தான் விருப்பம், அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் பிளக்காது. இப்போது டச்சு எல்ம் நோய் அந்த மரத்தைப் பெருமளவு அழித்துவிட்டது, பெரிய பலகையாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிஞ்சுவது ஓக்கும் பைனும். 3 அங்குல ஓக் பலகையின் விலையைக் கேட்டுவிட்டு நான் கடையை விட்டுப் பேசாமல் வெளியே வந்தேன். ஆனால் வீடு கட்டும் பைன் பலகையில் ‘2 அங்குலம்’ என்று எழுதி விற்பது உண்மையில் ஒன்றரை அங்குலம்தான், இரண்டை ஒட்டினால் சரியாக 3. நம்மை ஏமாற்றும் அளவு இங்கே நமக்கே உதவுகிறது. ஓரத்தில் ஒட்டின கோடு தெரியும், ஒப்புக்கொள்கிறேன்.

ஓக்கின் பெரிய பலம் அதன் துவர்ப்புச் சத்து. இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்த தண்ணீரைப் பூசினால் கண்ணெதிரிலேயே கறுத்து, நூறு வருஷம் கடலில் கிடந்த மாதிரி ஆகிவிடும். பைனுக்கு அந்தச் சத்து குறைவு. அதற்கு முதலில் பால் ஊற்றாத கட்டன் டீயை நன்றாகக் காய்ச்சிப் பூசிக் காயவிட்டு, அப்புறம் வினிகர் தண்ணீரைப் பூசினேன். ஓக் அளவுக்கு இல்லை, ஆனால் பத்தடி தள்ளி நின்றால் எது எது என்று சொல்ல முடியாது. மேலே ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

சக்கரத்தில் பிளைவுட் வேண்டாம், எத்தனை பெயின்ட் அடித்தாலும் விளிம்பில் அடுக்கு அடுக்காகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பலகை அடுக்கை நார் குறுக்காக இருக்கும்படி ஒட்டி வெட்டியதுதான் ஊர்வலத் தார்ரோட்டைத் தாங்கியது. வண்டிக்கு அடியில் ரப்பர் சக்கரத்தை ஒளித்துவைப்பது பற்றியும் சண்டை உண்டு. நாலைந்து கிலோமீட்டர் தள்ளப்போகிறீர்கள் என்றால் தயங்காமல் வையுங்கள், வேஷம் கட்டுபவர்கள் கூடும் முகாமில் நிறுத்தி வைப்பதற்கு என்றால் அசிங்கம். போல்ட்டும் அப்படித்தான், ஆறுமூலைத் தலை தெரிந்தால் மொத்த வேலையும் கெட்டது, சதுர நட் வாங்குங்கள்.

இரண்டு பீரங்கியும் ஒரே மாதிரி இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளையனின் ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ கப்பல் 1718-ல் வட கரோலினாவின் போஃபர்ட் அருகே தரைதட்டியது, 1996-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த சுமார் 30 பீரங்கிகள் பல அளவு, பல நாடு, ஸ்வீடனில் 1713-ல் வார்த்ததுகூட ஒன்று. கொள்ளையடித்த கப்பலில் கிடைத்ததை எடுத்து மாட்டியவர்கள்தானே.

என்னுடைய முதல் வெளியூர் முகாமில் ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் குழலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், குழலுக்கு அடியில் செருகியிருந்த ஆப்பின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அடிப்பக்கம் ‘டொக்’ என்று பலகையில் இறங்க, வாய் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. அவன் விரல் தப்பியது. அன்றிலிருந்து ஆப்பை ஒரு சாண் சணல் கயிற்றால் வண்டியோடு கட்டித்தான் வைத்திருக்கிறேன்.