புகாராவில் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

உஸ்பெகிஸ்தானிலுள்ள புகாராவின் பழைய நகரத்தை வழிகாட்டியோடு நடந்து பார்க்க, ஆளுக்கு 25 டாலர் கொடுத்து நானும் அப்பாவும் ஏமாந்தோம். அங்கே போகவிருக்கும் வேறு யாருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பா முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர். உஸ்பெகிஸ்தானுக்கு அவர் வந்ததே, அங்கே ஆண்ட சாமானி அரச வம்சத்தின் கல்லறை மாடத்தைப் பார்க்கத்தான். பத்தாம் நூற்றாண்டில், சுட்ட செங்கல்லைக் கூடை முடைவதுபோல் அடுக்கிக் கட்டிய சிறு கட்டடம் அது. அதற்காகவே, அந்த மாடம் நடையில் உண்டா என்று சுற்றுலா நிறுவனத்திடம் முன்கூட்டிக் கேட்டேன். "கட்டாயம் உண்டு. நான்கு மணி நேரம். நுழைவுக் கட்டணமும் சேர்த்துத்தான்" என்று மின்னஞ்சலில் பதில் வந்தது.

காலை 9 மணிக்கு லியாபி ஹவுஸ் குளக்கரையில் கிளம்பினோம். பத்து நிமிடத்தில் முதல் கடை வந்துவிட்டது: கம்பளம். பிறகு குவிமாடச் சந்தைகளில் கத்திக்கடை, நகைக்கடை, பட்டுக்கடை. ஒவ்வொன்றிலும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். எதுவும் வாங்காமல் எழுந்தால் வழிகாட்டியின் முகம் மாறியது. மகோகி அத்தோரி மசூதியை நடந்துகொண்டே கைநீட்டிக் காட்டியதோடு சரி. 1417இல் மன்னர் உலுக் பெக் கட்டிய மதரசாவும் 1652இல் எழுந்த அப்துல்அஸீஸ் கான் மதரசாவும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க அப்பா ஆசைப்பட்டார். "நேரமாகிறது" என்றார் அந்த மனிதர். நேரம் முழுவதும் கடைகளில் போயிருந்தது!

கல்யான் மினார் என்ற உயரமான மசூதிக் கோபுரத்தைத் தைமூர் கட்டியதாகவும் சொன்னார். அது 1127இல் கராகானிய அரசர் அர்ஸ்லான் கான் எழுப்பியது. தைமூர் பிறக்கவே அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் ஆயின. அப்பா மெதுவாகத் திருத்தினார்; வழிகாட்டி காதில் வாங்கவில்லை.

அர்க் கோட்டை வாசலில் டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டார். மின்னஞ்சலைக் காட்டியதும், "அது அலுவலகம் சொன்னது" என்றார். கொடுத்தோம். உள்ளே சுற்றி வெளியே வந்தபோது, சாமானி மாடம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது என்று சொல்லி 12 மணிக்கே விடைபெற்றுக்கொண்டார்.

பட்டுக்கடையில் அம்மாவுக்காக 40 டாலருக்கு ஒரு சால்வை வாங்கியிருந்தேன். தூய பட்டு என்று வழிகாட்டியே உறுதி கூறினார். இரவு அறையில் ஓர் இழையை உருவிப் பற்றவைத்தேன். பட்டென்றால் முடி கருகும் வாடை வர வேண்டும்; அது வரவே இல்லை, பருத்தியைப்போல, காகிதம் எரிவதுபோல் எரிந்தது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் அத்ராஸ் அந்த நாட்டின் பெருமை. அதையே அத்ராஸ் என்று சொல்லி விற்றிருந்தால் மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன்.

அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். "தகவல் பிழை, வருந்துகிறோம்" என்று ஒரு வரி வந்தது. பணம் வரவில்லை.

நீங்கள் போவதானால், வழியில் எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்பதை நிறுவனத்திடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பெயரும் அதில் இருக்கட்டும். கட்டணத்தில் பாதியை நடை முடிந்தபின் கொடுங்கள். எந்த இடமாவது மூடியிருக்கிறது என்று சொன்னால், போய்ப் பார்க்காமல் நம்பாதீர்கள். அர்க்கிலிருந்து போலோ ஹவுஸ் மசூதியைத் தாண்டிப் பூங்காவுக்குள் நடந்தால், கால்மணி நேரத்தில் அந்த மாடம் வந்துவிடும்.

மறுநாள் காலை, மனம் கேட்காமல் நாங்கள் அப்படித்தான் போனோம். திறந்திருந்தது. பழுதுபார்ப்பும் இல்லை, சாரமும் இல்லை. வெயில் ஏற ஏறச் செங்கல் இடுக்குகளில் நிழல் மாறிக்கொண்டே வந்தது. அப்பா நான்கு பக்கமும் மூன்று முறை சுற்றி வந்தார். எங்கள் ரயில் பிற்பகலில். அது காலை ரயிலாக இருந்திருந்தால், அவர் இதைப் பார்க்காமலே ஊர் திரும்பியிருப்பார்.