அனிதாவுக்கு முன்னால் அம்பிகா: ஐசியு என்ற எழுத்து வரிசை மென்பொருளுடன் சில வருஷங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன வாடகை நூலகத்துக்கு உறுப்பினர் பட்டியல் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். எழுதியது என் மேக் மடிக்கணினியில், ஓடியது டெபியன் என்ற லினக்ஸ் சர்வரில், கவுன்டரில் இருந்தது விண்டோஸ். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். ஒரே பட்டியல் இடத்துக்கு இடம் வேறு வரிசையில் வரும் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

கண்டுபிடித்தவர் நூலகத்தை நடத்தும் ஐயா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மேக்கிலிருந்து அச்சடித்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அனிதா முதலில் நிற்கிறாள், அம்பிகா கடைசிக்குப் போய்விட்டாள். அகராதி புரட்டியதே இல்லையா?" என்றார்.

தாளில் இருந்தது அனிதா, அமலா, அமுதா, அம்பிகா. இருக்க வேண்டியது அம்பிகா, அமலா, அமுதா, அனிதா. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தருகிற யூனிகோடில் ன-வின் எண் ந-வுக்கு அடுத்தது. நம் நெடுங்கணக்கிலோ ன தான் கடைசி மெய். புள்ளிக்கும் அதே கதை. கால், கொம்பு எல்லாவற்றுக்கும் பின்னால்தான் அதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு ம் வந்த பிறகுதான் ம. என் மேக்கில் போஸ்ட்கிரெஸ், யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று சொல்லியும் மொழி விதி எதையும் பார்க்காமல் எண் வரிசையிலேயே அடுக்கியது. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸை வைத்துக் கட்டிய டாக்கர் பெட்டியிலும் அப்படித்தான். புதுச்சேரி ஆயிற்றே, பிரெஞ்சுப் பெயர்களும் உண்டு: முதலெழுத்தின் தலையில் கோடு போட்ட எமீல், இந்த எண் வரிசையில் இசட்டுக்கும் பின்னால் போய்விடுவார்.

இதெல்லாம் பார்வைக்குத்தான் கோளாறு. உண்மையான அடி 2020-ல் விழுந்தது. டெபியன் 9-ஐ இருந்த இடத்திலேயே 10-ஆக ஏற்றினேன். அதோடு லினக்ஸின் அடிப்படை மென்பொருள் தொகுப்பான கிளிப்சி 2.28-உம் வந்தது; போஸ்ட்கிரெஸ் அங்கே வரிசை விதியை அதனிடம்தான் கேட்கும். 2018-ல் வெளியான அந்தப் பதிப்பில் வரிசை விதிகளை மாற்றியிருந்தார்கள். முன்பு 11-க்குப் பின்னால் நின்ற 1-1, இப்போது முன்னால். எங்கள் உறுப்பினர் எண்களில் பாதிக்குமேல் நடுவில் கோடு உண்டு! பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸில் (தரவுத்தளம் வேகமாகத் தேட வைத்திருக்கும் பட்டியல்) புது விதிப்படி தேடினால் இருக்கிற ஆளே இல்லை என்று வரும். கவுன்டரில் "உங்கள் எண்ணே இல்லையே" என்று சொல்லி, ஒருவரை மறுபடி பதிந்தும்விட்டார்கள். ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தும் அது தடுக்கவில்லை. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை, அதுதான் எரிச்சல். இரட்டைப் பதிவுகளை உட்கார்ந்து நீக்கிவிட்டு ரீஇண்டெக்ஸ் போட்டு அந்த இண்டெக்ஸை மறுபடி கட்டினேன்.

அன்றிலிருந்து அட்டவணையின் பெயர்ப் பத்திகளுக்கு ஐசியு தமிழ் வரிசைதான். இயங்குதளத்தை நம்பாமல் மொழி விதிப்படி அடுக்கும் பொது மென்பொருள் தொகுப்பு அது. போஸ்ட்கிரெஸ் 10-லிருந்தே பத்தி அளவில் வைக்கலாம். 15-லிருந்து தரவுத்தளம் முழுவதற்குமே வைக்கலாம். இயங்குதளம் எதுவானாலும் அம்பிகா முதலில் வருகிறாள். உறுப்பினர் எண் பத்திக்கு, மொழி விதி பார்க்காத வெறும் சி வரிசை; அங்கே மொழிக்கு வேலை இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐசியு பதிப்பு மாறினாலும் வரிசை மாறலாம். ஆனால் போஸ்ட்கிரெஸ் பழைய பதிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு எச்சரிக்கிறது; ரீஇண்டெக்ஸ் செய்துவிட்டுப் புது எண்ணைப் பதிந்தால் போதும். சொல்லிவிட்டு உடைவது எவ்வளவோ மேல். 'அம' என்று தட்டியதும் பெயர்கள் வரும் தேடலுக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, தனியாக இன்னொன்று வைக்க வேண்டியிருந்தது. அப்புறம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்த 'கொ'வும் ஒரே குறியான 'கொ'வும் கண்ணுக்கு ஒன்றுதான், சேமிப்பில் வேறு. அதைப் பதியும்போதே என்எஃப்சி ஆக்கிவிடுகிறேன், அதாவது ஒரே குறியான வடிவமாக.

தீராதது ஒன்றே ஒன்று. ஐசியு தமிழ் வரிசையில் கிரந்த எழுத்துகள் ன-வுக்கும் பின்னால். ஐயாவுக்கு அதில் பரம திருப்தி. கவுன்டரில் இருக்கும் பெண் மட்டும் இன்னமும் ஜெயந்தியைச் ச-வுக்கு அடுத்த பக்கத்தில்தான் தேடுகிறாள்.